அடியார் கூட்டமும் குடிநோய் நீக்கமும்

திருச்சிற்றம்பலம்.



இன்று காலை நாம் எல்லோரும் வடம் பிடித்துத் தேரிழுத்தோம். அத்தேர் நிலையிலிருந்து அசையத் தொடங்குவதற்கே எத்தனை கைகள் வேண்டியிருந்தன என்பதைக் கண்டோம். உடல்வலி மிக்க ஒருவர் தனியே நின்று நாள் முழுதும் இழுத்தாலும் அது இம்மியும் நகராது. மற்றொன்றையும் கண்டோம். அசைந்த தேரை வீதி திருப்பத்தில் முட்டுக்கட்டை இட்டுத் திருப்புவோர் இல்லையேல், அது நேரே சென்று சுவரில் மோதும். இழுப்பதற்கும் பலர் வேண்டும். தடுப்பதற்கும் பலர் வேண்டும். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு இம்மாலையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள், குடிப்பழக்கத்தைக் குறைத்தலும் விடுத்தலும், அவற்றிற்குத் துணைவர் கூட்டம் செய்யும் பேருதவியும் என்பதாகும்.

திருக்கோயில் மண்டபத்தில் கள்ளைப் பற்றிப் பேசுவது தகுமோ என ஐயுறுவார் இருக்கலாம். தகும். தெய்வப்புலவர் திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென 93ஆம் அதிகாரத்தை வகுத்தார்; 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கு வைத்தார்; அதனை அடுத்து 95ஆம் அதிகாரமாக மருந்தை வைத்தார். மனிதனைத் தன்வயம் இழக்கச் செய்யும் பழக்கங்களைக் கூறியதும் நோய் தீர்க்கும் வழியைக் கூறினார் என்று அவ்வரிசையை நாம் பொருள் கொள்ளலாம் அன்றோ? மேலும், இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களுள், அருச்சனைச் சீட்டில் கணவன் பெயரையும் மகன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, வாய்விட்டுச் சொல்ல இயலாத ஒரு வேண்டுதலை உள்ளத்தே வைத்திருப்பவர் எத்தனை பேர் என்பதை இறைவன் ஒருவனே அறிவான். திருவிழா வருகிறதென்றால் ஊரெல்லாம் மகிழ்கிறது. அன்றைய கூலி வீட்டிற்கு வருமோ வராதோ என்று சில வீடுகள் அஞ்சுகின்றன. அவ்வச்சத்தைப் பேசாத அறவுரை அவ்வீடுகளுக்கு என்ன பயன் தரும்?

இந்நோயின் அளவை முதலில் காண்போம். 2019ஆம் ஆண்டில் மைய அரசின் சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, நம் நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவருள் மதுவால் தீங்குற்று உதவி வேண்டி நிற்போர் 5 கோடிக்கும் மேற்பட்டோர். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகக் கூறினர். எஞ்சிய 37 பேர் எங்கே இருக்கின்றனர்? நம் தெருவில் இருக்கின்றனர். நம் உறவில் இருக்கின்றனர். ஒருவேளை இன்று நம்மோடு வடம் பிடித்த கைகளுள்ளும் இருக்கின்றனர். அவர்கள் ஏன் வெளியே வரவில்லை? வெட்கம் ஒரு காரணம். தாமாகவே விட்டுவிடலாம் என்னும் எண்ணம் மற்றொரு காரணம்.

‘மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாம், இல்லாதவனுக்கு யார் என்ன செய்வது?’ என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். இக்கூற்றைச் சற்று ஆராய வேண்டும். மது உள்ளே சென்றவுடன் மூளையின் கிளர்ச்சியை அடக்குகிறது. நாள்தோறும் அடக்கப்படும் மூளை, அதனை எதிர்த்து ஈடுசெய்யத் தன் கிளர்ச்சியைப் பெருக்கிக்கொள்கிறது. பிறகு மது இல்லாதபோது அப்பெருகிய கிளர்ச்சி கைநடுக்கமாகவும் வியர்வையாகவும் உறக்கமின்மையாகவும் பதற்றமாகவும் வெளிப்படுகிறது. முதலில் இன்பத்திற்காகக் குடித்தவன், பின்னர் இத்துன்பம் தணிவதற்காகவே குடிக்கிறான். செம்பிற் களிம்பு என்று நம் சித்தாந்தம் ஆணவ மலத்திற்கு உவமை கூறும். செம்பு தன்னைத் தானே துலக்கிக்கொள்வதில்லை. புளியும் வேண்டும், தேய்க்கும் கையும் வேண்டும். பழக்கத்தால் ஏறிய களிம்புக்கும் இவ்வுவமை பொருந்துமாறு காண்க.

இதனால் குடிப்பவனுக்குப் பொறுப்பே இல்லை என்று கூறினோம் அல்லோம். நோய் வந்தது அவன் விரும்பியதன்று. மருந்துண்பது அவன் கடமை. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் இகழ்ச்சி நீங்கும், பொறுப்பு நிற்கும்.

இனி, நம் நாட்டு வழக்கம் ஒன்றை நோக்குவோம். ஆண்டுதோறும் மாலையணிந்து விரதம் பூணுவோர் பலர். பல ஆண்டுகளாக ஒருநாளும் தவறாமல் குடித்துவந்தவர், மாலை அணிந்த அன்றே அதனை நிறுத்திவிடுகிறார். 41 நாளோ 48 நாளோ ஒரு துளியும் தீண்டுவதில்லை. மனைவி மக்கள் வியக்கின்றனர். மலைக்குச் சென்று வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கடைவாயிலில் அவர் நிற்பதையும் நாம் காண்கிறோம். இதனைக் கண்டு நகைப்பார் உளர். நாம் நகைக்கலாகாது, ஆராய வேண்டும். அந்நாட்களில் அவரைக் காத்தது யாது?

தெய்வத்தின்பால் கொண்ட அச்சமும் அன்பும் காத்தன என்பது உண்மை. அவற்றோடு வேறு சிலவும் காத்தன. விடியலில் எழுந்து நீராடினார். மாலை ஆறு மணிக்கு எங்கே செல்வது என்று அவர் மயங்கவில்லை, வழிபாட்டுக்குச் சென்றார். அங்கே தம்மைப் போலவே மாலையணிந்தவர் பத்துப் பேர் இருந்தனர். அவர்கள் அவரைக் குடிகாரன் என்று அழைக்கவில்லை. ‘சாமி’ என்று அழைத்தனர். ஒருநாள் வாராவிடில், ‘சாமி ஏன் வரவில்லை?’ என்று வீடு தேடி வந்தனர். கடைக்கு அழைத்துச் செல்லும் பழைய தோழரும், கழுத்தில் மாலையைக் கண்டு ஒதுங்கினர். மாலை கழன்றபோது இவை அனைத்தும் ஒருசேரக் கழன்றன. தெய்வம் அவரைக் கைவிடவில்லை, கூட்டம் கலைந்தது. ஆதலின் நாம் கேட்கவேண்டிய கேள்வி, ‘இவன் ஏன் மீண்டும் குடித்தான்?’ என்பதன்று, ‘மாலை கழன்ற பின்னும் அக்கூட்டம் கலையாதிருக்க நாம் என்ன செய்தோம்?’ என்பதே.

கலையாத கூட்டம் ஒன்று கடல் கடந்த நாட்டில் தோன்றிய வரலாற்றை இங்குக் கூறுவது பொருந்தும். அமெரிக்க நாட்டில் பில் வில்சன் என்பார் ஒருவர் இருந்தார். நியூயார்க் நகரில் பங்கு வணிகம் செய்தவர். குடியால் எல்லாம் இழந்து பன்முறை மருத்துவமனை புக்கவர். 1934ஆம் ஆண்டின் இறுதியில் குடியை நிறுத்தினார். நிறுத்தியவுடன் ஏனைய குடியர்களைத் திருத்தப் புறப்பட்டு, மாதக்கணக்கில் அறிவுரை கூறினார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அவர் மனைவி ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார்: அவர்கள் திருந்தாவிடினும், அவர்களோடு பேசிக்கொண்டிருந்த அவர் குடியாமல் இருக்கிறார் என்பதே அது.

1935ஆம் ஆண்டு மே மாதம், வணிக அலுவலாக ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகருக்குச் சென்றார். சென்ற காரியம் தோற்றது. தனிமை, துயரம், தங்கிய விடுதியிலேயே மதுக்கூடம். அவ்வேளையில் அவர் ஒரு முடிவு செய்தார். தமக்கு இப்போது வேண்டுவது தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளி என்று உணர்ந்து, தொலைபேசியில் பலரிடம் வினவினார். அவ்வாறு கிடைத்தவரே டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம் மட்டுமே பேசுவதாக ஒப்புக்கொண்ட அம்மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஏன்? வந்தவர் உபதேசம் செய்யவில்லை. தம் கதையைக் கூறினார். ‘உம்மைக் காக்க வந்தேன்’ என்னும் முறையில் அவர் வரவில்லை; தாம் காக்கப்படுவதற்கே வந்தார்.

அம்மருத்துவரும் உடனே வென்றாரில்லை. சில வாரம் கழித்து ஒரு மருத்துவ மாநாட்டிற்குச் சென்றவர் மீண்டும் குடித்துத் திரும்பினார். அவரை இகழாமல் ஏற்றனர். அதன்பின் 1950ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. அவர் இறுதியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10ஆம் நாளே, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பின் தொடக்க நாளாகப் போற்றப்படுகிறது. பெயர் வெளியிடாக் குடிநோயர் குழு என்று அதனைத் தமிழில் கூறலாம். இன்று உலகின் மிகப் பல நாடுகளிலும், நம் தமிழ்நாட்டிலும், இக்குழுவின் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

அக்கூட்டங்களின் முறை மிக எளிது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. முன்னர் மீண்டவர் புதிதாய் வந்தவருக்குத் துணைநிற்பார். அவரவர் தம் அனுபவத்தைக் கூறுவர். ஒருவர் கூறியதை மற்றவர் வெளியே கூறார். வாழ்நாள் முழுதும் குடியேன் என்று ஆணையிடுமாறு யாரையும் வற்புறுத்தார். இன்று ஒருநாள் குடியாதிருப்போம் என்பர். மலைபோல் தோன்றும் வாழ்நாளை ஒருநாள் ஒருநாளாகக் கடத்தும் அறிவு அது. 1951இல் குடும்பத்தாருக்கென அல்-அனான் என்னும் குழுவும், 1957இல் சூதாட்ட அடிமைகளுக்கெனக் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்னும் குழுவும் இம்முறையைத் தழுவி எழுந்தன. சூதாட்டம் கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில் பின்னதன் தேவையைக் கூறவும் வேண்டுமோ?

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மதுக்கடை ஒன்றில் கூடிக் குடித்துவந்த அறுவர் அக்கடையிலேயே உறுதி பூண்டு ஒரு சங்கம் கண்டனர். வாஷிங்டோனியர் சங்கம் என்பது அதன் பெயர். சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவியது. சில ஆண்டுகளிலேயே சிதைந்தும் போயிற்று. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா, வேண்டாவா என்பது முதலான வழக்குகளில் சிக்கி, குடிப்பவனுக்குக் கைகொடுக்கும் முதல் வேலையை அது மறந்தது சிதைவுக்கு ஒரு காரணம் என்பர். பின்வந்த குழுவினர் இதனைப் பாடமாகக் கொண்டு, வெளி வழக்குகளில் கருத்துரையோம் என்று தமக்கு விதி வகுத்தனர்.

நம் நாட்டிலும் சட்டத்தின் கதையை அறிவோம். 1937 அக்டோபரில் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948இல் அது சென்னை மாகாணம் முழுதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டும் வந்தது, 1981இல் மீண்டும் போயிற்று. 2003இல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே ஏற்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டதையும் மறவோம். சட்டத்தைப் பற்றி இம்மேடையில் நாம் வழக்காட வரவில்லை. சட்டம் எந்நிலையில் இருப்பினும், இன்று மாலை நடுங்கும் கையைப் பற்றிக்கொள்ள மற்றொரு கை வேண்டும் என்பதே நம் கருத்து.

கூட்டுறவால் குடி நீங்கும் என்பதற்குச் சான்று உண்டோ எனின், உண்டு. 2020ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு, 10,565 பேரை உட்கொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டது. முற்றும் குடியாதிருத்தல் என்னும் பயனில், மேற்கூறிய குழுவோடு இணைக்கும் முறை ஏனைய உளச்சிகிச்சை முறைகளினும் மேம்பட்டது என்று அது கண்டது. ஓராண்டின் முடிவில் தொடர்ந்து குடியாதிருந்தோர், பிற முறைகளில் நூற்றுக்கு 35 பேர். இம்முறையில் 42 பேர். நூற்றுக்கு நூறு அன்று என்பதையும் நோக்குக. எனினும் கூடுதலாகத் தேறிய அவ்வேழு பேரும் ஏழு குடும்பங்கள் அல்லரோ?

பெயரை மறைத்தல் ஒருமுறை. மறையாது கூடுதலும் ஒருமுறை. ஜப்பானில் 1963இல் நாடளாவிய நிலையில் அமைந்த தான்ஷூகாய் என்னும் மதுநிறுத்தச் சங்கத்தார் பெயரை மறைப்பதில்லை. மனைவி மக்களோடு கூட்டத்திற்கு வருவர். குடும்பத்தோடு கோயிலுக்கு வரும் நம்மவருக்கு இம்முறையும் ஏற்றதே. சென்னையில் 1980இல் திருமதி சாந்தி ரங்கநாதன் அவர்கள் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனையும், நோயாளியோடு குடும்பத்தாரையும் சேர்த்தே நோக்கும் வழியை நம் நாட்டிற்குக் காட்டியது.

நம் சைவம் இதற்கு அயலதோ? அன்று. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் கழுவி அன்பரொடு கூடியிருத்தலை வற்புறுத்துகிறது. மெய்யுணர்ந்தவனுக்கே கூட்டம் வேண்டும் எனின், நோயுற்றவனுக்கு எத்துணை வேண்டும்! பெரியாரைத் துணைக்கோடல் என்றும் சிற்றினம் சேராமை என்றும் வள்ளுவர் அடுத்தடுத்து அதிகாரம் வகுத்ததும் இது கருதியே. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியாரை வணங்காது சென்றார் என்று, தம்பிரான் தோழராகிய சுந்தரரையே விறன்மிண்டர் புறகு என்று ஒதுக்கினார். கூட்டத்தை ஒதுக்கிவிட்டு இறைவனை மட்டும் அடைதல் நம் நெறியன்று.

இனி, செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, எண்ணுதல். குடிப்பவர் தாம் குடிக்கும் அளவையும் செலவையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. எழுதாதவரை எல்லோருக்கும் அளவு குறைவாகவே தோன்றும்.

இரண்டாவது, தூண்டும் பொழுதை அறிதல். பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடியை அழைக்கும் தூதர். கூலி கைக்கு வரும் நாளும், கடை இருக்கும் வழியும் அவற்றோடு சேரும். கூலியை மனைவி கையில் முதலில் சேர்ப்பித்தலும், வழியை மாற்றுதலும், வேலை முடிந்ததும் உணவு உண்டலும் சிறிய செயல்கள். அவை தரும் காப்போ பெரிது.

மூன்றாவது, காலியான இடத்தை நிரப்புதல். ஆறு மணிப் பழக்கத்தை எடுத்துவிட்டால் அந்த ஆறு மணிக்கு வேறொன்று வைத்தாக வேண்டும். அந்திவழிபாடோ, உழவாரத் தொண்டோ, பந்தாட்டமோ, மக்களுக்குப் பாடம் சொல்லுதலோ எதுவாயினும் ஆகுக. குடிவேட்கை அலைபோல் எழும். சற்றுப் பொறுத்தால் அலைபோலவே தணியும்.

நான்காவது, துணைவரை அழைத்தல். குடித்த பின் வருந்தி அழைப்பதினும், குடிக்குமுன் அழைப்பது நன்று. தம்போல் வருந்தி மீண்ட ஒருவரே இதற்குச் சிறந்த துணைவர்.

ஐந்தாவது, வழுக்கினால் எழுதல். ஒருநாள் தவறினால் நோன்பே கெட்டது என்று பெருகக் குடிப்பது பேதைமை. மறுநாளே கூட்டத்திற்குத் திரும்புக. திரும்பியவரை ‘வாருங்கள்’ என்று வரவேற்பதே அக்கூட்டத்தின் அறம்.

அளவு குறைத்தல் எல்லோருக்கும் ஆகுமோ எனின், அடிமையாகாதவர்க்கு அது முதற்படியாகலாம். அடிமையானவர், ஈரல் நோயுற்றவர், கருவுற்ற மகளிர் ஆகியோர்க்கு முற்றும் விடுதலே வழி. மதுவை 1988ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகுத்தது. எந்த அளவும் உடல்நலத்திற்குத் தீங்கற்றதன்று என்று 2023இல் அந்நிறுவனம் அறிவித்தது.

ஓர் எச்சரிக்கையைத் தாய்மார்கள் குறிக்கொள்ள வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாளில் வலிப்பும், அதனையடுத்துப் பிதற்றலும், இல்லாதவற்றைக் காணலும் நேரலாம். இதனைப் பேய் பிடித்தது என்று எண்ணிக் காலம் தாழ்த்தினால் உயிருக்கே கேடு வரும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. கயிறு கட்டி ஆணையிடுவதற்கு முன்னரே மருத்துவரைக் காண்பது நன்று. தெய்வத்தின் அருள் மருத்துவர் கைவழியும் வரும். குடியை மறக்கச் செய்யும் மருந்தென்று எதனையும் அறியாமல் உணவிற் கலத்தலும் வேண்டா. சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் பெருந்தீங்கு விளைக்கும். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் போதைமீட்பு ஆலோசனை பெறலாம். 14416 என்னும் எண்ணில் மனநல உதவி பெறலாம்.

நிறைவாக, இத்திருக்கோயில் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொடியிறங்கியதும் இப்பந்தல் பிரிக்கப்படும், மண்டபம் பிரிக்கப்படாது. வாரத்தில் ஒருமாலை, கூலி நாளாகிய சனிக்கிழமை மாலையே, இம்மண்டபத்தின் ஒரு பகுதியை இப்பணிக்கு ஒதுக்கித் தருவோம். மாலையணிந்து விரதம் முடித்தோர், மாலையைக் கழற்றிய பின்னும் அங்கே கூடுக. குடியை விட்டுப் பல்லாண்டு கழிந்தோர் நம்மூரிலும் உளர். அவர் முன்வந்து தலைமை கொள்ளாது தோழமை கொள்க. வருவோரின் பெயரை எவரும் கேட்கவேண்டா. நேற்றுக் குடித்தாயோ என்றும் கேட்கவேண்டா. ‘வந்தீரே, அதுவே நன்று’ என்று ஒரு குவளை நீர்மோர் கொடுங்கள். ஒருவாரம் வராதவரைத் தேடி இருவர் அவர் வீடு செல்லுங்கள். செலவு சிறிதே, காக்கப்படுவதோ ஒரு குடும்பத்தின் அடுப்பும், ஒரு குழந்தையின் பள்ளிக் கல்வியும், ஒரு தாயின் உறக்கமும் ஆகும்.

இந்த மாலையே அப்பணிக்கு உடன்படுவோர் பந்தலின் தென்புறத்தில் நம்மை வந்து காண்க. எல்லா உயிர்க்கும் தோழனாய் நிற்கும் பெருமான் இத்தோழமைக்குத் துணையாகுக.

திருச்சிற்றம்பலம்.